குளிர் தங்காத கார்

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்து வந்த புதன்கிழமை, ஹபரணைச் சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், எங்கள் காரின் ஏசி வெறும் காற்றை ஊதத் தொடங்கியது. நான் முதலில் கவனிக்கவில்லை. என் மனைவிதான் தன் பக்கத்துக் காற்றுவாயில் விரல்களை வைத்துப் பார்த்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நாங்கள் திருகோணமலையிலிருந்து கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவளுக்கு நரம்புகளின் மேலுறையை அரிக்கும் நோய். உடம்பு குளிர்ச்சியாக இருக்கும்வரை ஊன்றுகோலோடு நடப்பாள், குசினியில் நின்று சொதி வைப்பாள், என்னோடு சண்டையும் பிடிப்பாள். வெக்கை ஏறினால் இரண்டு கால்களும் அவள் சொல்லைக் கேளாமல் போய்விடும். நோயை ஓரளவுக்குத் தடுத்து வைத்திருப்பது, கண்டி ஆஸ்பத்திரியில் தவணைக்குத் தவணை ஏற்றும் மருந்து. ஒரு தவணை தவறினாலும் நோய் மறுபடி தாக்கலாம், அப்படித் தாக்கினால் போகிற கால் திரும்பி வரும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் எங்கள் இருவரையும் முன்னால் இருத்திச் சொல்லியிருந்தார்.

அன்று கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓடினேன். உள்ளே வந்தது அடுப்புக் காற்று. வழியில் ஒரு தேநீர்க்கடையில் அவள் நிறுத்தச் சொன்னாள். கடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குத் தானாக நடந்து போனவளால் திரும்பி வர முடியவில்லை. கதவுக்கு வெளியே நின்று நான் கூப்பிட்டேன். உள்ளேயிருந்து "பொறுங்கோ" என்ற சத்தம் மட்டும் வந்தது. கடைசியில், யாத்திரை பஸ் ஒன்றில் வந்திருந்த இரண்டு சிங்களப் பெண்கள் உள்ளே போய், சேலையைச் சரிசெய்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பெண்கள் மிகவும் அன்பானவர்கள். அவர்களுடைய அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். மறுநாள் காலைத் தேநீரோடுதான் அவள் வாய் திறந்தாள்.

"இனி நான் கண்டிக்கு வரேல்லை."

வாடகைக்கு ஏசி வான் பிடிக்கலாம் என்றேன். வானுக்கு ஒரு டிரைவர் இருப்பான், வழியில் கால் போனால் அவனும் தன்னைத் தூக்க வேண்டி வரும் என்றாள். அதற்கு மேல் பேச விடவில்லை. இரண்டு நாள் கழித்து அவளாகவே ஒரு நிபந்தனை வைத்தாள். கார் பழையபடி குளிர்ந்தால் வருவாள். அரைகுறைக் குளிர் என்றால் வாசல் படலையைத் தாண்ட மாட்டாள். அடுத்த தவணை ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை. அதாவது, கச்சான் என்ற வெக்கைக் காற்று வாய்விட்டு வீசும் காலம்.

சீனன்குடா வீதியில் ஏசி வேலை மட்டும் செய்யும் கராஜ் ஒன்று இருக்கிறது. அதன் சொந்தக்காரர் கத்தாரில் பல வருடம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். கத்தோலிக்கர். கை வேலை செய்யும்போது வாயும் வேலை செய்யும். எப்போது தொடங்கியது என்று கேட்டார். ஆண்டு, மாதம், கிழமை இல்லாமல் எனக்கு ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் எப்போது வந்தது, எந்த இறங்குதுறை எப்போது உடைந்தது என்று சும்மா எழுதி வைக்கிற பழக்கத்தால் வந்தது. போன கார்த்திகை மழையிலிருந்து தொடங்கினேன். தையில் குளிர் வரக் கொஞ்சம் பிந்தியதையும், மாசியில் உட்துறைமுக வீதியில் ஒரு சைக்கிள் முன்பக்கத்தில் முட்டியதையும் சொல்லி, பங்குனிக்கு வருவதற்குள் அவர் பொனட்டைத் திறந்துவிட்டார்.

"சேர், நான் காருக்கு என்ன வருத்தம் எண்டுதான் கேட்டனான். வரலாற்றைக் கேக்கேல்லை."

காஸ் குறைந்திருந்தது. காஸ் தானாகத் தீராது, எங்கேயோ கசிகிறது என்று சொல்லி, காஸோடு ஒரு சாயத்தையும் சேர்த்து ஏற்றினார். சில நாள் ஓடிவிட்டு வந்தால், கசிந்த இடத்தில் அந்தச் சாயம் படிந்திருக்கும். ஊதா வெளிச்சம் தரும் ரோச்சை அடித்தால் மஞ்சளும் பச்சையுமாக மின்னும். அப்படியே போனேன். அந்தச் சில நாளிலேயே குளிர் பாதியாகிவிட்டது. காரின் முன்பக்கத்தைத் தறப்பாளால் மூடி, அதற்குள் தலையை விட்டு அவர் ரோச் அடித்துப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கம்பிரசரின் ஒரு பொருத்தில் மெல்லிய மினுக்கம். அதைவிடப் பெரிதாக, முன் கிறிலுக்குப் பின்னால், ஒரு முஷ்டியளவு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"அது?" என்றேன்.

"அது உங்கட அம்மாள்ட மஞ்சள். மஞ்சள் எண்டா இந்த லைற்றுக்கு இப்படித்தான் மின்னும். வெள்ளிக்கிழமையில வாற வாகனம் முழுக்க எனக்கு லீக்தான்."

அந்த மஞ்சளின் கதையைச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தமையன் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர். இரண்டு வருடத்துக்கு முன், நோய்க்குப் பெயர் வைத்த புதிதில், அவர் சல்லி அம்மன் கோயிலில் தங்கைக்காக நேர்ந்தார். பழைய காசு ஒன்றை மஞ்சள் தோய்த்த துணியில் முடிந்தார்கள். அவள் ஊன்றுகோல் இல்லாமல் கோயில் வாசலுக்கு நடந்து வரும் நாளில் அந்தக் காசு உண்டியலுக்குப் போக வேண்டும். அதுவரை முடிச்சை யாரும் அவிழ்க்கக் கூடாது. வழக்கமாக அதைச் சாமியறையில் வைப்பார்கள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது கார்தானே, காரோடு இருக்கட்டும் என்று சொன்னவள் அவள்தான்.

முதலில் அதைப் பூமாலையோடு சேர்த்துக் கிறிலுக்கு வெளியே கட்டினோம். வீதியில் மாடுகளைப் போலத் திரியும் எங்கள் ஊர் மான்களுக்கு மாலை என்றால் உயிர். ஒரு நாள் பஸ் நிலையத்தடியில் காரை விட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போய் வந்தபோது, ஒரு மான் மாலையைத் தின்று முடித்துவிட்டு மஞ்சள் துணியை இழுத்துக்கொண்டிருந்தது. மச்சான் கேள்விப்பட்டு, அன்றே சல்லியிலிருந்து சைக்கிளில் வந்தார். பொனட்டைத் திறந்து, கையை ஆழ விட்டு, கிறிலுக்குப் பின்னால் ஓடும் ஒரு குழாயோடு சேர்த்துத் துணியைத் தங்கூசியால் வரிந்து கட்டினார். மீன்பிடிக்கும் அந்த நைலோன் இழையில் வள்ளக்காரர் போடும் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். இனி மான் என்ன, யானை வந்தாலும் ஒன்றும் செய்ய ஏலாது என்று கையைத் தட்டினார். அந்தக் குழாய் எதற்கு உரியது என்று யாரும் யோசிக்கவில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் மான் எட்டாத இடமா என்பதைத்தான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் துணிக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பது என் வேலை. அவளால் குனிய முடியாது. எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட. கச்சான் காலத்தில் தண்ணீர் உவர்க்கும். அந்தத் தண்ணீரில்தான் மஞ்சளைக் கரைத்து, கிறிலின் இடைவெளியால் விரலை விட்டுத் தெளிப்பேன். அவள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குக் கோயில் பழக்கம் குறைவு. ஆனால் அந்த வேலையை ஒரு வெள்ளிக்கிழமையும் நான் விட்டதில்லை.

கராஜ்காரரும் அந்தத் துணியைத் தொடவில்லை. தான் வேதக்காரன் என்றாலும் அம்மாளோடு சேட்டை விடுவதில்லை என்றார். அதோடு மத்தியானம் மீன் தின்ற கை. கம்பிரசர்ப் பொருத்தில் இருந்த ரப்பர் வளையத்தை மாற்றினார். காஸ் ஏற்றினார். வைகாசி பிறந்தபோது கார் குளிரில் விறைத்தது. வைகாசி நடுவில் மறுபடி வெறும் காற்று.

இரண்டாம் திருத்தத்தின்போது அவர் அவ்வளவு கதைக்கவில்லை. வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் கசிவு டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் குளிரூட்டும் கொயிலில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். நானும் தலையாட்டினேன். மாசியில் சைக்கிள் முட்டியதைப் பிடித்துக்கொண்டு ஒரு விளக்கம் நானும் வைத்திருந்தேன். நாள் சரி, காரணம் பிழை. டாஷ்போர்ட் முழுவதும் கழன்று, கார் குடல் வெளியே கிடக்கும் பிராணி மாதிரி நான்கு நாள் அங்கே நின்றது. கொயில் நல்லபடி இருந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார்கள். இப்போது பள்ளத்தில் விழும்போதெல்லாம் உள்ளே எதுவோ கிலுங்கும்.

கார் வீட்டில் இல்லாத அந்த நாட்களில் நான் இன்னொன்றைக் கவனித்தேன். என் மனைவி அமைதியாகிக்கொண்டு வந்தாள். மாலையில் படியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, உட்துறைமுகத்துப் பக்கம் பார்த்தபடி இருப்பாள். கார் என்னாயிற்று என்று கேட்க மாட்டாள். நான் சொன்னாலும், அப்படியா என்பாள். ஒரு நாள் நான் தொலைபேசியில் கராஜ்காரரோடு சத்தம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது சொன்னாள்.

"சரிவராட்டி விடுங்கோ. நீங்கள் செய்யக்கூடியதைச் செய்திட்டீங்கள்தானே."

அவள் குரலில் இருந்தது ஆறுதல். எனக்குக் கொடுத்த ஆறுதல் என்று முதலில் எடுத்துக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டின்போதுதான், அது அவளுடைய சொந்த ஆறுதல் என்று உறைத்தது. கார் சரிவராது, தான் போகத் தேவையில்லை, யாரையும் குறை சொல்லவும் தேவையில்லை.

புதன்கிழமைத் தவணைக்கு முந்திய திங்கட்கிழமை, மூன்றாம் திருத்தத்துக்காகக் கராஜுக்குப் போனோம். இந்த முறை அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். சரிவந்தால் அங்கேயே, அந்த நேரமே, அவள் குளிரை உணர வேண்டும் என்று நினைத்தேன். கூரைக்குக் கீழே மின்விசிறிக்கு முன்னால் ஒரு கதிரை போட்டு, அதை அவள் பக்கம் திருப்பிவிட்டார் கராஜ்காரர். தன் தோல்விகளால் அவரும் வெட்கப்பட்டிருந்தார். சாயத்தையும் ரோச்சையும் இனி நம்புவதில்லை என்று சொல்லி, காஸ் குழாய்களுக்குள் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றினார். அழுத்தத்தைக் காட்டும் கேஜின் ஊசி ஏறி நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல இறங்கத் தொடங்கியது. பிறகு சவர்க்காரத் தண்ணீர் நிரப்பிய விசிறுபோத்தலை எடுத்து, ஒவ்வொரு பொருத்தாகத் தெளித்துக்கொண்டு வந்தார். கசிவு உள்ள இடத்தில் நுரை கிளம்ப வேண்டும். பின்னாலிருந்து தொடங்கி முன்னுக்கு வந்தார். ஒரு பொருத்திலும் நுரை இல்லை. கடைசியில் கை தவறியோ, வேண்டுமென்றோ, தெளிப்பு அந்த மஞ்சள் துணியிலும் பட்டது.

துணி நுரைத்தது. ஈரமான முடிச்சின் மடிப்புகளுக்குள்ளிருந்து, சோற்றுப் பானை கொதிக்கிற மாதிரி, சின்னச் சின்னக் குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். துணியின் ஓரத்தை ஒரு திருப்புளியின் நுனியால் நெம்பிக் காட்டினார். அடியில், அலுமினியக் குழாயில், உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. உவர்த் தண்ணீரில் ஊறிய துணி, அதற்குள் வேறு உலோகக் காசு, அதை அலுமினியத்தோடு தங்கூசியால் இறுக்கிக் கட்டி இரண்டு வருடம். அரித்துவிட்டது. அந்த ஓட்டையால் வந்த சாயமும் துணியிலேயே ஊறி, மஞ்சளோடு மஞ்சளாக மின்னியிருக்கிறது. முதல் நாளே வெளிச்சம் சரியாகத்தான் காட்டியது. நாங்கள் அதை அம்மாளின் கணக்கில் போட்டுவிட்டோம்.

அவளிடம் சொல்வதா இல்லையா என்று நினைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு வளையம்தான் பழுது என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் வந்தது உண்மை. அதற்குள் பின்னால் ஊன்றுகோல் சிமெந்துத் தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேரும் கதைக்காமல் நிக்கிறீங்கள். என்ன?"

பொனட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நுரை இன்னும் வந்துகொண்டிருந்தது. கராஜ்காரர் மிகச் சுருக்கமாக விளக்கினார். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, யாரையும் பார்க்காமல், அம்மாளுக்கு விருப்பமில்லைப் போல என்றாள். நான் இத்தனை நாளும் பயந்தது இதற்குத்தான். கால் மணி நேரத்தில் மாற்றிவிடக்கூடிய ஒரு குழாய் ஓட்டையாகக் கிடக்கிறது. அவள் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படியில் உட்காரப் போகிறாள்.

நான் மச்சானுக்கு அழைத்தேன். அவர் கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். காற்றின் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினார்.

"மச்சான், அவிழ்க்கப்படாது. காசு உண்டியலுக்குப் போகாமல் முடிச்சு அவிழ்ந்தா, நேர்ந்தது அவ்வளவும் அவிழ்ந்த மாதிரி. வெள்ளிக்கிழமை வரையும் பொறுங்கோ. பூசாரியாரைக் கேட்டுச் சொல்லுறன்."

புதன்கிழமை தவணை என்றேன்.

"அப்ப ஏன் என்னைக் கேக்கிறீங்கள்?" என்றுவிட்டு வைத்துவிட்டார். ஆடி முடியும்வரை அவர் எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை.

கராஜ்காரர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். முடிச்சைத் தன்னால் வெட்ட ஏலாது, நான் வெட்டினால் குழாயை மாற்றித் தருவதாகச் சொன்னார். கத்தியை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். கோயில் பழக்கம் குறைந்தவன் என்றாலும், அந்த மஞ்சளைப் பார்த்ததும் கை எழவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நான் தொட்டு வந்த துணி அது.

என் மனைவி கராஜ்காரரிடம், அந்தக் குழாயைப் பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"அது இனி உதவாது அக்கா. கழட்டி எறியிறதுதான்."

"முழுக்கவோ?"

"முழுக்க."

அவள் முடிச்சின் இரு பக்கத்தையும் விரலால் காட்டினாள்.

"எறியிற பைப்தானே. முடிச்சுக்கு ரெண்டு பக்கத்தாலையும் வெட்டுங்கோ. முடிச்சை ஒருத்தரும் தொட வேண்டாம். அது பைப்போட என்னட்டை இருக்கட்டும்."

கராஜ்காரர் சிரித்துவிட்டார். கத்தாரில்கூட இப்படி ஒரு ஒப்பரேஷன் செய்ததில்லை என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, நைட்ரஜனைத் திறந்துவிட்டு, குழாயின் பொருத்துகளைக் கழற்றி எடுத்து, முடிச்சுக்கு இரு பக்கமும் சாண் தள்ளி இரும்பறுக்கும் வாளால் அறுத்தார். நடுத்துண்டைப் பொலித்தீன் பையில் போட்டு அவள் கையில் கொடுத்தார். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு, நேர்ந்தது நேர்ந்தபடி இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்வதைப் போல ஒரு தரம் தடவினாள்.

பிரச்சினை தீரவில்லை. அந்தக் காருக்கு உரிய குழாய் கொழும்பிலிருந்து வர வெள்ளிக்கிழமை ஆகும். அதற்கிடையில் அளவுக்கு வெட்டிய ரப்பர்க் குழாய் ஒன்றை இரு முனையிலும் பொருத்தி அழுத்திப் போட்டார். கண்டிக்குப் போய் வரத் தாங்குமா என்று கேட்டேன். தாங்க வேண்டும் என்றார். தாங்கும் என்று சொல்லவில்லை. உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுத்து எடுத்துவிட்டு, ஊசி அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கக் காரை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பகல் போனபோது ஊசி வைத்த இடத்தில் நின்றது. காஸ் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை விடியப் புறப்பட்டோம். அவள் நீலச் சேலை உடுத்து, பொலித்தீன் பையை மடியில் வைத்திருந்தாள். கந்தளாயைக் கடந்தோம். நான் கம்பிரசர் நின்று மறுபடி ஓடத் தொடங்கும் ஒவ்வொரு 'டக்'கையும் கேட்டுக்கொண்டு ஓடினேன். டாஷ்போர்ட்டுக்குள் கிலுங்கும், எதுவென்று தெரியாத அந்தச் சாமான் ஒவ்வொரு தரமும் என்னைத் திடுக்கிட வைத்தது. குளிர் நின்றால் எந்த இடத்தில் திரும்புவது, எந்த மரநிழலில் நிறுத்துவது என்று வழி முழுவதும் யோசித்தேன். குளிர் நிற்கவில்லை.

ஹபரணை தாண்டியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கடையடியில நிப்பாட்டுங்கோ."

சித்திரையில் அவள் கால் போன அதே தேநீர்க்கடை. இன்னும் கொஞ்சத் தூரத்தில் நல்ல ஹோட்டல் இருக்கிறது, உள்ளேயும் ஏசி என்றேன். அவள் கதவின் கைபிடியில் கையை வைத்தாள். நிறுத்தினேன். வெளியே வெயில் ஏறியிருந்தது. கூட வரவா என்றேன். எஞ்சினை நிறுத்தாமல் காருக்குள்ளேயே இருக்கச் சொன்னாள். பையை எடுத்துத் தன் இருக்கையில் வைத்துவிட்டு, ஊன்றுகோலை முதலில் ஊன்றி, பிறகு ஒவ்வொரு காலாக இறக்கி எழுந்தாள். கடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

நான் அவள் மறைந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடியிலிருந்த சூடு போய், இருக்கையில் கிடந்த குழாய்த் துண்டின் மேல் குளிர்காற்று நேராகப் பட்டுக்கொண்டிருந்தது. பையின் உட்புறம் பனி படிந்த மாதிரி மங்கியது. கடைக்காரர் என்னைக் கவனித்து, தேநீர் வேண்டுமா என்று கையால் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கிப் பின்பக்கம் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். அவள் வரவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். கூப்பிட்டால் அவள் கேட்கும் தூரம்தான். கூப்பிடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மூலையில் ஊன்றுகோல் தெரிந்தது. அதற்குப் பின்னால் அவள். மெல்ல, இடது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, சுவரைத் தொடாமல் வந்தாள். பஸ்ஸில் வந்த ஒரு பெண் உதவிக்குக் கையை நீட்டினாள். அவள் தலையை அசைத்து, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, காரை நோக்கித் தொடர்ந்து வந்தாள். முகம் வியர்த்திருந்தது. ஏறி உட்கார்ந்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்போதும் ஒரு காலை வெளியே வைத்தபடி இருந்த என்னைப் பார்த்தாள்.

"கதவைச் சாத்துங்கோ. குளிர் எல்லாம் போகுது."